அத்தியாயம் 6: ஹேமக்குக்கு வலையும் கூரையும்

ஹேமக் வாங்கியாயிற்று; பட்டையும் கொக்கியும் பையில் இருக்கின்றன. ஆனால் உலு லங்காட் ஆற்றோரத்தில் ஓர் இரவு முழுவதும் தூங்கி எழ அவை மட்டும் போதா. கொசு, மழை இரண்டில் ஒன்று உங்களை நள்ளிரவில் காருக்குத் துரத்திவிடும்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் முதுகுக்குச் சூடு தரும் போர்வைகளுக்கே பல பக்கங்களை ஒதுக்குகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தாழ்நிலத்தில் இரவு வெப்பம் 22 பாகைக்குக் கீழே போவதே அரிது. நம் பணம் போக வேண்டியது வேறு இரண்டு சாமான்களுக்கு: மேலே பெரிய கூரை, சுற்றிலும் அடியிலும் கொசு கடிக்க முடியாத வலை. இரண்டுக்கும் நடுவே காற்று தாராளமாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் மழைக்குத் தப்பி வியர்வையில் நனைவீர்கள்.

## எதைத் தடுக்கப் போகிறோம்?

கொசு. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் அந்தி சாயும் முன்பும் அதன் தொல்லை அதிகம். மலேசியாவில் டிங்கி நோயாளிகள் மிகுந்த மாநிலம் சிலாங்கூர்தான். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு இருட்டத் தொடங்கியதும் வரும். மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூர்த் தொற்றாகப் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா மட்டும் காட்டுப் பகுதிகளில் இன்னும் இருக்கிறது. எனவே தூங்கப் போகும்போது வலை கட்டினால் போதும் என்ற கணக்கு தப்பு. மாலை ஐந்து மணிக்கே வலை தயாராக இருக்க வேண்டும்.

அகாஸ். மோரிப், பாகான் லாலாங் போன்ற கடற்கரைகளிலும் சதுப்போரங்களிலும் கூட்டமாக வரும் பொடிப்பூச்சி. கொசுவைவிடப் பலமடங்கு சிறியது. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும்.

எறும்பும் அட்டையும். கெரெங்கா எனும் செவ்வெறும்பு மரத்திலிருந்து பட்டை வழியாக நடந்து வரும். அட்டை தரையிலிருந்து காலணியிலும் பையிலும் ஏறும்.

மழை. கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை. பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கனக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொன்றும் உண்டு: சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும் சூறைக்காற்று மழை. இது பக்கவாட்டில் அடிக்கும் மழை. கூரை சிறியதாக இருந்தால் இதில்தான் தெரியவரும்.

குறிப்பு: தெளிந்த ஓடை என்று ஏமாறாதீர்கள். கிள்ளானிலும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட போர்ட் கிள்ளானிலும் 1901இல் மலேரியா வாட்டியது. அப்போது கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி அதைக் கட்டுப்படுத்தினார். மலையோரத் தோட்டங்களில் அதே வழி பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பியது வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் வேறு வகை அனோபிலிஸ். அதற்குப் பலியானவர்களில் நம் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். தேங்கிய சாக்கடை இல்லாத இடம் என்பதற்காக வலையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

## இடத்துக்கேற்ற தேர்வு

1. தாழ்நில ஆற்றோரக் காடு (சுங்கை சோங்காக், சுங்கை தெக்காலா): சாதாரணக் கண் வலை, அடிப்பக்கமும் மூடியது. 3×4 மீட்டர் ஃப்ளைஷீட் (கூரைத்துணி). மெல்லிய போர்வை.
2. மலை (1,493 மீட்டர் உயர நுவாங் போன்றவை): உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். கொசுத்தொல்லை குறைவு, காற்று அதிகம். வலையோடு முதுகுக்கு ஒரு நுரைப்பாயும் கட்டாயம்.
3. கடற்கரை (மோரிப், பாகான் லாலாங்): அகாஸ் புகாத நுண்கண் வலை. காற்றுக்கு ஈடுகொடுக்கக் கூடுதல் கயிறும், மணலில் பிடிக்கும் நீளமான ஆணிகளும்.

சிலாங்கூரில் வனக்காப்புப் பகுதிகளுக்குள் ஏறவும் தங்கவும் மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். சாமான் வாங்கும் முன்பே, நீங்கள் நினைக்கும் இடம் திறந்திருக்கிறதா, இரவில் தங்க விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## கொசுவலை: நான்கு வகை

1. ஹேமக்கோடு தைத்து வருவது. ஜிப் போட்டால் மூடிவிடும். கட்டுவது எளிது, தனியாக மறந்துவைக்க வழியில்லை. குறை: மேல்பக்கம் மட்டுமே வலை. அடியில் ஒற்றைத் துணிதான்.

2. அடி திறந்த வலை. ஹேமக்கின் மேலே தொங்கவிட்டு, கீழே சுருக்குக் கயிற்றால் இறுக்குவது. எடை குறைவு, விலையும் குறைவு. சுருக்கைச் சரியாக இழுக்காவிட்டால் கொசு உள்ளே போய் வெளியே வரத் தெரியாமல் விடியும்வரை உங்களோடு இருக்கும்.

3. முழு உறை வலை. குழாய் வடிவில் ஹேமக்கை முழுவதும் சுற்றி, இரு முனையிலும் சுருங்குவது. அடிப்பக்கமும் வலைக்குள் வந்துவிடும். நம் தாழ்நிலக் காடுகளுக்கு இதுவே சிறந்தது.

4. வீட்டு வட்ட வலை. கட்டிலுக்கு மேல் தொங்கும் வகை. தரையில் புரளும்; அட்டையும் எறும்பும் ஏற அதுவே ஏணி. அவசரத்துக்கு மட்டும்.

எந்த வகையாக இருந்தாலும் ஹேமக்கின் இரு முனைகளையும் இணைக்கும் ஓர் உள்கயிறு வேண்டும். வலை அதன்மேல் கூடாரம்போல் நிற்கும். உள்கயிறு இல்லாத வலை முகத்திலும் தோளிலும் விழும். உடம்பில் ஒட்டிய வலையைத் தாண்டிக் கடிப்பது கொசுவுக்குச் சிரமமில்லை.

உள்கயிற்றின் நீளம்: ஹேமக் நீளத்தை 0.83ஆல் பெருக்குங்கள். 3 மீட்டர் ஹேமக்குக்கு 2.5 மீட்டர். 3.3 மீட்டருக்கு 2.75 மீட்டர்.

### வலையின் கண்ணைக் கடையில் சோதிப்பது

1. ஓர் அளவுகோலை வலைமேல் வையுங்கள்.
2. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண்கள் என்று எண்ணுங்கள். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை.
3. 12 அல்லது 13 இருந்தால் கொசுவுக்குப் போதும். ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்ற வழக்கமான கொசுவலை அளவு இதுதான்.
4. கடற்கரைக்குப் போவதாக இருந்தால் 25க்கு மேல் தேவை.
5. இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். கண் அகன்று அப்படியே நின்றுவிட்டால் அந்தத் துணி வேண்டாம்.

மிக நுண்ணிய வலையையே வாங்கிவிட்டால் எங்கும் பயன்படுமே என்று தோன்றும். கண் சிறுத்தால் காற்றும் குறையும். புழுக்கம் மிகுந்த ஆற்றோரத்தில் நள்ளிரவில் ஜிப்பைத் திறந்துவிடுவீர்கள். திறந்த வலை எவ்வளவு நுண்ணியதாக இருந்தும் பயனில்லை. கடற்கரைக்குப் போகாதவருக்குச் சாதாரணக் கண்ணே நல்லது.

### அடிப்பக்கத்தை மறக்காதீர்கள்

பாராசூட் நைலான் ஹேமக்கில் படுத்தால் உடம்பு எடையில் துணி தோலோடு இறுகி ஒட்டும். அந்த மெல்லிய துணியை ஏடிஸ் எளிதாகத் துளைக்கும். காலையில் முதுகும் தொடையும் தடித்திருந்தால் காரணம் இதுவே. தீர்வு நான்கு, ஒன்றாவது இருக்க வேண்டும்:

- முழு உறை வலை. அது ஹேமக்குக்கு அடியில் ஒரு சாண் தளர்ந்து தொங்க வேண்டும்.
- இரட்டைத் துணி ஹேமக், நடுவில் மெல்லிய நுரைப்பாய்.
- ஹேமக்கின் அடித்துணியில் பெர்மெத்ரின் தெளிப்பது.
- முழுக்கைச் சட்டை, தளர்ந்த முழுக்கால் சட்டை. இது கடியைக் குறைக்கும், முற்றிலும் நிறுத்தாது.

## வலையைத் தைத்துக்கொள்ள விரும்பினால்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகளிலும் துணிக்கடைகளுக்கும் தையற்காரர்களுக்கும் குறைவில்லை. முழு உறை வலை என்பது நேர்த்தையல்தான். தாவணி ஓரம் அடிக்கத் தெரிந்தவர் யாரும் தைத்துவிடலாம்.

தேவை: 1.5 மீட்டர் அகல பாலியெஸ்டர் கொசுவலைத் துணி 7 மீட்டர். இரு பக்கமும் ஓடும் இழுப்பான்கள் கொண்ட 1.2 மீட்டர் ஜிப், மெல்லிய கயிறு 7 மீட்டர், கயிற்றுப் பூட்டு இரண்டு, பாலியெஸ்டர் நூல்.

1. துணியை 3.5 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டாக வெட்டுங்கள்.
2. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு நீள ஓரத்தை முழுவதும் தையுங்கள். இரட்டைத் தையல் போடுங்கள்.
3. மறு ஓரத்தின் நடுவில் ஜிப்பை வைத்து, அதன் இருபுறமும் மீதியைத் தைத்து மூடுங்கள். இப்போது ஏறக்குறைய 3 மீட்டர் சுற்றளவுள்ள குழாய் கிடைக்கும்.
4. இரு வாய்களையும் 2 செ.மீ. மடித்துத் தைத்து, கயிறு கோத்துப் பூட்டு மாட்டுங்கள்.
5. வீட்டு விளக்கை உள்ளே பிடித்து, தையலோரம் முழுவதும் ஓட்டை தேடுங்கள். ஜிப் முனைகளில்தான் பெரும்பாலும் இடைவெளி விடும்.

மாட்டும்போது ஹேமக்கும் உள்கயிறும் குழாய்க்குள் இருக்க வேண்டும். ஜிப் பக்கவாட்டில் வரட்டும். வலை மேல் உட்கார்ந்தால் கிழியும். ஏறும்போது வலையை முழங்காலுக்குக் கீழே தள்ளிவிட்டு ஹேமக் துணியில் உட்காருங்கள்.

எச்சரிக்கை: சேலைக்கும் தாவணிக்கும் விற்கும் அலங்கார நெட் துணியின் கண் பெரியது. அங்குலக் கணக்கு பார்க்காமல் வெட்டச் சொல்லாதீர்கள்.

## மருந்து: எது தோலுக்கு, எது துணிக்கு

தோலுக்கு: 20 முதல் 30 விழுக்காடு டீட், அல்லது 20 விழுக்காடு பிக்காரிடின் உள்ள மருந்து. சிட்டை படித்து வாங்குங்கள். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தடவிய கையால் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், தலைவிளக்கு எதையும் தொடாதீர்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். இரவு முழுவதற்கும் அதை நம்ப முடியாது.

துணிக்கு: 0.5 விழுக்காடு பெர்மெத்ரின். தோலில் போடக்கூடாது.

1. கையுறை அணிந்து, வெட்டவெளியில், காற்று முதுகுப்பக்கமாக வரும்படி நில்லுங்கள்.
2. ஹேமக்கின் அடிப்பக்கம், வலையின் வெளிப்பக்கம், மரத்தில் கட்டும் பட்டைகள், காலுறை ஆகியவற்றில் தெளியுங்கள். பட்டையில் தெளிப்பது எறும்பைத் தடுக்கும்.
3. முழுவதும் காயும்வரை தொங்கவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு இது நஞ்சு; வீட்டில் பூனை இருந்தால் எட்டாத இடத்தில் காயப்போடுங்கள்.
4. சில வாரங்களிலும் சில துவைப்புகளிலும் வீரியம் குறையும். அப்போது மறுபடி தெளியுங்கள்.
5. ஆற்றில் அந்தத் துணியை அலசாதீர்கள். மீன் செத்துவிடும்.

கொசுவர்த்தி: ஃப்ளைஷீட்டுக்கு அடியில் ஏற்ற வேண்டாம். நைலான் ஒரு பொறியில் உருகும். புகையும் உங்கள் நெஞ்சுக்குள்தான் போகும்.

## ஃப்ளைஷீட்: அளவுதான் முதல் கேள்வி

கடைகளில் அதிகம் கிடைப்பது 3×3 மீட்டர். அது போதுமா என்று இப்படிக் கணக்கிடுங்கள்:

1. உள்கயிற்றின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
2. தலைப்பக்கம் 30 செ.மீ., கால்பக்கம் 30 செ.மீ. கூட்டுங்கள்.
3. வருவதே கூரை முகட்டின் குறைந்தபட்ச நீளம்.

2.7 மீட்டர் ஹேமக்குக்கு 2.84 மீட்டர், 3×3 மயிரிழையில் போதும். 3 மீட்டர் ஹேமக்குக்கு 3.1 மீட்டர், 3×3 பற்றாது. 3.3 மீட்டர் ஹேமக்குக்கு 3.34 மீட்டர். ஆகவே பெரும்பாலோருக்கு 3×4 மீட்டர்தான் சரி: முகடு 4 மீட்டர், இரு பக்கமும் 1.5 மீட்டர் சரிவு.

3×3 ஏற்கெனவே கையில் இருந்தால் மூலைவிட்டமாகக் கட்டலாம். முகடு 4.2 மீட்டருக்கு நீளும். ஆனால் தலையும் காலும் இருக்கும் இடத்தில் கூரை குறுகிவிடும். சாதாரண மழைக்குத் தாங்கும். விடியற்காலைச் சூறைக்குத் தாங்காது.

### துணி வகை

- பாலிஎத்திலீன் கேன்வாஸ் (வன்பொருள் கடை நீலத் துணி): மலிவு, கனம், சலசலப்பு. கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் தங்கிப் பழக நல்ல தொடக்கம்.
- பி.யு. பூச்சுள்ள பாலியெஸ்டர்: நடுத்தர விலை. நம் ஈரக்காற்றில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூச்சு பிசுபிசுத்து உரியும்.
- சிலிக்கான் பூசிய நைலான்: இலேசு. நனைந்தால் நீண்டு தொய்யும். இரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும்.
- சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர்: இலேசு, தொய்வதில்லை. கையில் பணம் இருந்தால் இதை வாங்குங்கள்.

நீர் தாங்கும் அளவாக 1,500 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். ஓரத்தில் எட்டுக் கட்டுமுனைகளாவது இருக்க வேண்டும்: நான்கு மூலை, முகட்டில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று.

## கட்டும் வரிசை

கூரை முதலில் ஏறி, கடைசியில் இறங்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காத்தால் எந்த மழையிலும் மற்றவை நனையாது.

1. மேலே பாருங்கள். பட்ட கிளை, உளுத்த மரம், தென்னை, காய்த்த டுரியான் எதன் கீழும் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பழந்தோட்டங்களில் இதை இருமுறை பாருங்கள். ரப்பர் மரக் கிளைகள் காற்றில் எளிதில் முறியும்.
2. மரங்களைத் தேர்ந்தெடுங்கள். உயிருள்ள, கைகொள்ளாத பருமனுள்ள இரண்டு மரங்கள். இடைவெளி 4.5 முதல் 5 மீட்டர். ஏறக்குறைய ஆறேழு எட்டு. 4 மீட்டர் முகடு அதற்குள் அடங்கும்.
3. திசை பாருங்கள். சுமத்திராச் சூறை மேற்கிலிருந்து வரும். திறந்த இடங்களில் மரங்கள் வடக்கு–தெற்காக நின்றால் கூரையின் சரிவு காற்றைத் தாங்கும், திறந்த முனை தாங்காது. குறுகிய பள்ளத்தாக்கில் காற்று ஆற்றின் போக்கிலும் வரலாம். அங்கே இலைகள் சாயும் பக்கத்தைப் பாருங்கள்.
4. முகட்டுக் கயிறு. இரு மரத்துக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். ஃப்ளைஷீட்டைக் கயிற்றின் மேல் போட்டு, இரு முனையிலும் புரூசிக் முடிச்சால் பிடித்துவையுங்கள். முடிச்சை நகர்த்தித் துணியை நடுவுக்குக் கொண்டுவரலாம்.
5. மூலைகள். நான்கையும் ஆணியடித்து இழுங்கள். மண் இளகியிருந்தால் ஆணிக்குப் பதில் வேரிலோ கனத்த கல்லிலோ கட்டுங்கள்.
6. பட்டை. 2.5 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டையை மரத்தைச் சுற்றித் தலை உயரத்தில் போடுங்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும்.
7. ஹேமக். பட்டை கிடைமட்டத்துக்கு 30 பாகை சாயட்டும். அந்தச் சாய்வில் ஒவ்வொரு பக்கமும் விழும் இழுவை உங்கள் எடை அளவே. 10 பாகைக்கு விறைப்பாக இழுத்தால் அது ஏறக்குறைய மூன்று மடங்காகும். 70 கிலோ ஆளுக்கு 200 கிலோ.
8. உயரம். நீங்கள் உட்கார்ந்த பிறகு ஹேமக் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கீழே பாறையோ, வெட்டிய மூங்கில் முனையோ, தண்ணீரோ இருக்கக்கூடாது.
9. வடிகயிறு. ஹேமக்குக்கு வெளியே, ஃப்ளைஷீட்டின் நிழலுக்குள், இரு பட்டையிலும் ஒரு முழப் பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்தில் வழிந்து பட்டை வழியே வரும் நீர் அதில் இறங்கித் தரையில் சொட்டும். காலணிக் கயிறுகூடப் போதும்.
10. வலை. கடைசியில் மாட்டி உடனே மூடுங்கள். உள்ளே போகும் முன் தலைவிளக்கை அணையுங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சிகள் கூடும்.
11. காலணியும் பையும். முகட்டுக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சாப்பாட்டை ஹேமக்கில் வைக்க வேண்டாம். குரங்கு வலையைக் கிழித்துவிடும்.

### இரண்டு நிலைகள்

அமைதியான இரவு: ஒரு பக்கச் சரிவை உயர்த்திக் கட்டுங்கள். காற்று ஓடும். ஆனால் இறக்கிக் கட்ட வேண்டிய ஆணிகளை இருட்டும் முன்பே அடித்துவையுங்கள்.

சூறை வரும் இரவு: துணி பட்டையிலோ ஹேமக்கிலோ உரசாத அளவுக்கு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள். ஓரங்கள் தரையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. இருக்கட்டும். முழுவதும் தரையோடு ஒட்டினால் உள்ளே புழுங்கும்.

பின்னிரவில் மேற்கே மின்னல் தொடர்ந்து தெரிந்து, காற்று சட்டென்று குளிர்ந்தால் சூறை நெருங்கிவிட்டது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியை மாலையிலேயே பாருங்கள். பள்ளத்தாக்கில் இரவில் தொடர்பு கிடைக்காமல் போகலாம்.

## வழக்கமான தவறுகள்

- கூரையை மிக உயரமாகக் கட்டுவது. நிமிர்ந்து நிற்கலாம், மழையும் பக்கவாட்டில் தாராளமாக வரும்.
- ஹேமக்கை விறைப்பாகக் கட்டுவது. தோள் நெருங்கும், வலை முகத்தில் ஒட்டும், பட்டை அறும். சற்றுத் தொய்வாகக் கட்டிக் குறுக்காகப் படுங்கள், முதுகு நேராகும்.
- வலைக்கு வெளியே கை, கால். ஹேமக் விளிம்பில் கை தொங்கி வலையைத் தொட்டால் கொசுவுக்கு விருந்து.
- நடுவில் நீர் தேங்கவிடுவது. சரிவு போதாத ஃப்ளைஷீட் தொட்டியாகும். முகட்டை இழுங்கள் அல்லது ஒரு மூலையைத் தாழ்த்துங்கள்.
- எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கட்டுவது. முள், எலி, எலியைத் தேடி வரும் பாம்பு. அத்தோடு அடுத்தவர் நிலம்.

## கூரை காப்பாற்றாத ஆபத்துகள்

கெபாலா ஆயர். உங்களுக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். மேல்மலையில் பெய்த மழை ஆற்றில் திடீரென இறங்கும். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஹேமக் தரையைத் தொடாதது என்ற தைரியத்தில் ஆற்றங்கரையில் கட்டாதீர்கள். கரைமரங்களில் பழைய வெள்ளத்தின் குப்பை சிக்கியிருக்கும் உயரத்தைப் பார்த்து, அதற்கு நன்றாக மேலே இடம் தேடுங்கள். 2021 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா மூழ்கியது. உலு லங்காட்டும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நம் ஆறுகள் எவ்வளவு வேகமாக உயரும் என்பதற்கு அந்த நாட்களே சாட்சி.

மண்சரிவு. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி முகாமிடத்தின் மேல் சரிவு இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 31 பேர் இறந்தனர். வெட்டிய மலைச்சரிவின் அடியில் தங்காதீர்கள். பல நாள் மழைக்குப் பிறகு மலையடிப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மின்னல். ஃப்ளைஷீட் மின்னலுக்குத் தடையில்லை. மரத்தோடு கட்டிய ஹேமக்கில் இருப்பது அதைவிட மோசம். இடி நெருங்கினால் காருக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத் திரும்புங்கள்.

செங்கல் தூண். ஒத்திகை பார்க்கிறேன் என்று வீட்டு வாசல் தூணிலோ மதில் தூணிலோ ஹேமக்கைக் கட்டாதீர்கள். அவை பக்கவாட்டு இழுவைக்குக் கட்டப்பட்டவை அல்ல. படுத்தவர் மேலேயே விழும்.

குழந்தைகள். சிறு பிள்ளையை வலைக்குள் தனியே தூங்கவிட வேண்டாம். தொங்கும் கயிறுகள் கழுத்தில் சுற்றும்.

காய்ச்சல். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். காட்டில் தங்கியதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்; டிங்கியோடு நோலெசி மலேரியாவுக்கும் பரிசோதிப்பார்.

## வீடு திரும்பிய பின்

1. அன்றே ஃப்ளைஷீட், வலை, பட்டை மூன்றையும் பிரித்து நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு பையில் கிடந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும்.
2. மண்ணை வெறும் தண்ணீரால் துடையுங்கள். சலவை இயந்திரத்தில் போடாதீர்கள்.
3. வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கிழிசல் தேடி, இரு பக்கமும் ஒட்டுத்துணி வைத்து அடையுங்கள்.
4. ஃப்ளைஷீட்டைக் கொல்லையில் குவித்துப் போடாதீர்கள். மடிப்பில் தேங்கும் நீரில் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.

## வாங்கும் வரிசை

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் பற்றாது என்றால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் 3×4 ஃப்ளைஷீட், அடுத்து முழு உறை வலை, அதன்பின் அகலப் பட்டை, கடைசியில் நல்ல ஹேமக். பெரிய கூரைக்குக் கீழே மலிவான ஹேமக்கில் தூங்கலாம். சிறிய கூரைக்குக் கீழே விலையுயர்ந்த ஹேமக்கிலும் நனைவீர்கள்.

முதல் இரவுக்கு மழை சற்றுக் குறைந்த ஜூன் அல்லது ஜூலையையும், கார் பக்கத்திலேயே நிற்கும் முகாமிடத்தையும் தேர்ந்தெடுங்கள். போகும் முன் பகலில் ஒருமுறை கூரையைக் கட்டிப் பழகுங்கள். பிறகு தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை கட்டுங்கள். இருட்டில் பத்து நிமிடத்துக்குள் கட்ட முடிந்தால் நுவாங் ஏறலாம். முடியாவிட்டால் சுங்கை சோங்காக்கில் இன்னொரு இரவு பழகுங்கள்.